உள்ளங்கை திரும்பாத தோள்: பின்பக்கம் நழுவிய ஒரு மூட்டின் நிகழ்வு ஆய்வு

"சார், பேஷண்ட் கோஆப்பரேட் பண்ணல."

எக்ஸ்ரே அறையில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது காதில் விழும் வாக்கியம் இது. அன்று சொன்னவர் இரண்டாம் ஆண்டு ரேடியோகிராஃபி மாணவி. வலது தோளுக்கு ஏபி படம், அதாவது கதிரை முன்னாலிருந்து பின்னால் அனுப்பி எடுக்கும் படம், எடுக்கச் சொல்லியிருந்தேன். "கையை வெளிப்பக்கமாத் திருப்புங்கண்ணேன்னு நாலு தடவ சொல்லிட்டேன் சார், திருப்பவே மாட்டேங்கறாரு. இப்படியே எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

நான் நோயாளியின் கையைப் பார்த்தேன். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. முன்கை வயிற்றின் குறுக்கே கிடந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தார். நெற்றியில் வியர்வை. மாட்டேன் என்கிற ஆளின் முகமாக அது இல்லை. முடியாத ஆளின் முகம்.

இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணம் அந்த வித்தியாசம்தான். தோளின் எலும்பு அமைப்பையும் பொசிஷனிங்கையும் (படத்துக்கு நோயாளியை நிறுத்தும் முறையையும்) வகுப்பில் தனித்தனியாகப் படிக்கிறோம். இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் நோயாளியின் கை. கை ஏன் திரும்பவில்லை என்று யோசிக்காமல், திரும்பாத கையோடு படம் எடுத்து அனுப்பினால், கையில் கிடைத்த நோயறிகுறியை நாமே தூக்கிப் போட்டுவிடுகிறோம். நோயாளியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன்.

நடந்தது

நோயாளிக்கு வயது 41. லேத் பட்டறையில் வேலை. வலிப்புக்கு ஏழு வருடமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். வேலை நெருக்கடியில் நான்கு நாள் மாத்திரையை விட்டிருக்கிறார். ஒரு இரவு தூக்கத்தில் வலிப்பு வந்தது. அவர் மனைவி சொன்னபடி கீழே விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. பாயிலேயே கை கால் இழுத்துக்கொண்டது. பக்கத்திலிருந்த மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். தலைக்கு சிடி எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை.

காலையில் நினைவு தெளிந்ததும் அவர் முதலில் சொன்னது, "வலது தோளைத் தூக்க முடியலை" என்பது. தோளுக்கு ஒரே ஒரு ஏபி படம் எடுத்தார்கள். முறிவு இல்லை, சதைப்பிடிப்பு என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வலி போகவில்லை. ஊரில் ஒரு நாட்டு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டு போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் வேறு ஒரு கிளினிக்கில் ஃப்ரோஸன் ஷோல்டர் என்று சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்யச் செய்ய வலி கூடியது. எங்கள் ஆர்த்தோ ஓபிக்கு வந்தது 19ஆம் நாள். சீட்டில் எழுதியிருந்தது: "வலது தோள், ஏபி."

ஃப்ரோஸன் ஷோல்டர் என்று நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நோயிலும் கையை வெளிப்பக்கம் திருப்புவதுதான் முதலில் போகும். ஆனால் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகும். ஒரே இரவில், அதுவும் வலிப்பு வந்த இரவில், ஒரு தோள் உறைந்துபோவதில்லை. "எப்போதிலிருந்து?" என்ற ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால் பாதை மாறியிருக்கும். அந்தக் கேள்வியை டாக்டர் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. படம் எடுக்கும் முன் நாமும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கையை ஏந்தச் சொன்னது

மாணவியிடம் எக்ஸ்ரே ட்யூபைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, அவரை ஸ்டூலில் உட்காரவைத்தேன். "அண்ணே, கோயில்ல பிரசாதம் வாங்குற மாதிரி ரெண்டு கையையும் முன்னால நீட்டி ஏந்துங்க" என்றேன். இடது உள்ளங்கை முழுதாக மேலே பார்த்தது. வலது கை கொஞ்சம்தான் முன்னால் வந்தது. உள்ளங்கை பக்கவாட்டில் பார்த்தபடி நின்றுவிட்டது. அதற்கு மேல் திருப்ப முயன்றபோது உடம்பையே சாய்த்தார். தோள் நகரவில்லை.

கையை முன்னால் நீட்டி உள்ளங்கையை மேலே திருப்ப முடியாமல் போவது பின்பக்கம் நழுவிய தோளுக்குத் தெரிந்த அறிகுறி. சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது இன்னும் மூன்று தெரிந்தன. காறை எலும்பின் வெளிப்பக்க முனைக்குச் சற்றுக் கீழே, உள்ளே தள்ளி, தோள்பட்டை எலும்பின் முன்பக்கக் கொக்கியான கோரக்காய்டின் முனை வழக்கத்தைவிடத் துருத்திக்கொண்டு நின்றது. முன்பக்கம் தோள் தட்டையாக இருந்தது. பின்னால் இருந்து பார்த்தால் தோளின் உச்சியில் உள்ள எலும்பு முனையான அக்ரோமியனுக்குக் கீழே ஒரு மேடு.

நோய் இன்னதென்று சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் எந்தப் படம் தேவை என்று கேட்பது நம் வேலை. ஓபியில் இருந்த ஆர்த்தோ பிஜி டாக்டருக்கு போன் செய்தேன். "சார், கை வெளிப்பக்கம் சுத்தமா திரும்பலை. வலிப்புக்கு அப்புறம் வந்தது. ட்ரூ ஏபி, ஒய் வியூ, ஆக்ஸில்லரி மூணும் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். உடனே சரி என்றார். சீட்டையும் மாற்றி அனுப்பினார்.

இந்த மூட்டு ஏன் இப்படி

இங்கே கொஞ்சம் நின்று எலும்புகளைப் பார்க்க வேண்டும். இது புரியாமல் மூன்று படங்களையும் மனப்பாடம் செய்தால் ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

தோள் வளையத்தில் மூன்று எலும்புகள். முன்னால் காறை எலும்பு. காறை என்பது கழுத்தில் வளையமாக அணியும் நகை. எலும்பும் கழுத்தடியில் அப்படித்தான் கிடக்கிறது, பெயர் வைத்தவர் கண்ணால் பார்த்து வைத்திருக்கிறார். பின்னால் முக்கோணத் தகடாகத் தோள்பட்டை எலும்பு, அதாவது ஸ்கேபுலா. மூன்றாவது மேற்கை எலும்பு, ஹியூமரஸ். ஸ்கேபுலாவின் முதுகில் ஓடும் முகடு வெளிப்பக்கம் வந்து அக்ரோமியனாக முடிகிறது. முன்பக்கம் கொக்கிபோல் நீள்வது கோரக்காய்டு. கிரேக்க மொழியில் காக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். காக்கை அலகை நினைத்துக்கொண்டால் படத்தில் அதைத் தவறவிட மாட்டீர்கள்.

ஹியூமரஸின் தலை பந்து. அது உட்காரும் கிளினாய்டைக் குழி என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது ஒரு சின்னத் தட்டு. தலையின் பரப்பில் எந்த நேரத்திலும் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் அந்தத் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். இடுப்பு மூட்டைப் போல எலும்பே எலும்பைக் கவ்விப் பிடிக்கவில்லை. விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம், மூட்டு உறை, மூட்டைச் சூழ்ந்துள்ள ரொட்டேட்டர் கஃப் தசைகள் ஆகியவைதான் பிடித்து வைத்திருக்கின்றன. கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகவும் முதுகைச் சொறியவும் முடிவது இந்தத் தளர்வினால்தான். உடம்பில் அதிகம் நழுவும் பெரிய மூட்டாக இது இருப்பதற்கும் அதுவே காரணம்.

தலைக்குப் பக்கத்தில் இரண்டு மேடுகள். வெளிப்பக்கம் பெரிய மேடு, கிரேட்டர் டியூபர்க்கிள். இதில் சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரிஸ் மைனர் என்ற மூன்று தசைகளும் வந்து பிடிக்கின்றன. முன்பக்கம் சின்ன மேடு, லெஸ்ஸர் டியூபர்க்கிள். இதில் சப்ஸ்கேபுலாரிஸ் தசை. இரண்டுக்கும் நடுவில் பைசெப்ஸ் தசைநாண் ஓடும் பள்ளம். ஏபி படத்தில் எந்த மேடு எந்த விளிம்பில் தெரிகிறது என்பதை வைத்தே கை எப்படித் திரும்பியிருந்தது என்று சொல்லிவிடலாம். கையை வெளிப்பக்கம் திருப்பி, முழங்கையின் இருபக்க எலும்பு முனைகளான எபிகாண்டைல்கள் இரண்டும் கேசட்டுக்கு (படம் பதியும் தட்டுக்கு) இணையாக இருந்தால், பெரிய மேடு வெளி விளிம்பில் எழும்பி நிற்கும். உள்பக்கம் திருப்பி, எபிகாண்டைல்கள் கேசட்டுக்குச் செங்குத்தாக வந்தால், சின்ன மேடு உள்விளிம்பில் தெரியும். பெரிய மேடு தலையின் மேல் விழுந்து மறைந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். ஸ்கேபுலா முதுகில் தட்டையாக ஒட்டியிருக்கவில்லை. விலாக்கூட்டின் வளைவில் படிந்து, 30 முதல் 45 டிகிரி வரை முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் கிளினாய்டு நேர் பக்கவாட்டில் பார்ப்பதில்லை, முன்பக்கமாகவும் பார்க்கிறது. நோயாளியை பக்கியில் (கேசட்டை வைக்கும் செங்குத்துப் பலகையில்) முதுகை ஒட்டி நேராக நிற்கவைத்து எடுக்கும் ஏபி, உடம்புக்கு ஏபி. மூட்டுக்கு அது ஒரு சாய்வுப் படம். அதில் கிளினாய்டின் முன் விளிம்பும் பின் விளிம்பும் தனித்தனியாக விழும், ஹியூமரஸின் தலை அவற்றின் மேல் பிறைபோல் ஏறி நிற்கும். இடைவெளி தெரியாது. தலை முன்னால் போயிற்றா பின்னால் போயிற்றா என்று இந்த ஒரு படம் சொல்லாது. முன்பக்கம் நழுவினால் தலை கீழேயும் உள்ளேயும் போய் கோரக்காய்டுக்கு அடியில் நிற்கும், அதனால் ஏபியிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். பின்பக்கம் நழுவினால் பெரும்பாலும் அதே உயரத்தில் நேராகப் பின்னால் போகும். நம் கதிரும் முன்னாலிருந்து நேராகப் பின்னால்தான் போகிறது. தலை கதிரின் வழியிலேயே நகர்ந்திருக்கிறது, அப்புறம் எப்படித் தெரியும்?

தோள் நழுவல்களில் முன்பக்கம் போவது நூற்றுக்கு 95க்கு மேல். பின்பக்கம் போவது 2 முதல் 4 வரை. அந்த நான்கில் பாதி வரை முதல் பரிசோதனையில் தவறிவிடுகின்றன என்று ஆர்த்தோ புத்தகங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அபூர்வம் என்பது ஒரு காரணம். ஒரே படத்தோடு நிறுத்துவது இன்னொரு காரணம்.

வலிப்பு ஏன் தோளைப் பின்னால் தள்ளுகிறது? வலிப்பில் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு இழுக்கும். கையை உள்பக்கம் திருப்பும் தசைகள் பெக்டோராலிஸ் மேஜர், லாட்டிசிமஸ் டார்சி, சப்ஸ்கேபுலாரிஸ், டெரிஸ் மேஜர். வெளிப்பக்கம் திருப்புவதற்கு முக்கியமாக இருப்பவை இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரிஸ் மைனர் என்ற இரண்டு சிறிய தசைகள். இழுபறியில் பெரியவர்கள் ஜெயிக்கிறார்கள். கை உடம்போடு ஒட்டி உள்பக்கம் சுழன்று, தலை பின்பக்கமாகத் தட்டை விட்டு வெளியேறுகிறது. மின்சாரம் தாக்கினாலும் இதே கதை. அதனால்தான் விழாமலேயே, இடிபடாமலேயே தோள் நழுவும். வலிப்பில் இரண்டு தோளும் சேர்ந்து நழுவுவதும் உண்டு. "அடிபடலையே" என்று நோயாளியின் வீட்டார் சொல்வதைக் கேட்டு நாம் ஏமாறக் கூடாது.

மூன்று படங்கள்

முதலில் ட்ரூ ஏபி. ருடால்ஃப் கிராஷி என்ற ஜெர்மன் ரேடியாலஜிஸ்ட் பெயரால் கிராஷி வியூ என்றும் சொல்வோம். முதுகை பக்கியில் வைத்து நிற்கவைத்து, வலிக்கிற தோள் பக்கியை ஒட்டும்படி உடம்பை 35 முதல் 45 டிகிரி வலதுபக்கம் திருப்பினோம். இவர் வலியில் தோளை முன்னால் குறுக்கி நின்றார். தோளைக் குறுக்கி நிற்பவர்களுக்கும் கூனல் உள்ளவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப வேண்டும். ஸ்கேபுலாவின் உடல் கேசட்டுக்கு இணையாக வந்ததா என்று கையால் தொட்டுப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி, கோண அளவை மட்டும் நம்ப வேண்டாம். 100 சென்டிமீட்டர் தூரம், சிதறும் கதிரைத் தடுக்கும் கிரிட், 75 கிலோவோல்ட் அளவில். தோளின் மேல் வெளி விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே, 5 சென்டிமீட்டர் உள்ளே கதிரின் மையம் விழும்படி சென்டரிங். மூச்சை நிறுத்தச் சொல்லி எடுத்தோம். கை எப்படிக் கிடந்ததோ அப்படியே. கையைத் தொடவே இல்லை.

அடுத்தது ஸ்கேபுலர் ஒய். இதற்கும் கையை அசைக்க வேண்டாம், அதனால் அடிபட்ட தோளுக்கு இது ஒரு வரம். நோயாளி பக்கியைப் பார்த்து நிற்க, வலது தோளின் முன்பக்கம் பக்கியைத் தொட, இடது தோளைப் பின்னால் விலக்கி, உடம்பை 45 முதல் 60 டிகிரி வரை திருப்ப வேண்டும். மாணவர்கள் கோணத்தைக் கண்ணால் அளந்து நிறுத்திவிடுகிறார்கள், அப்போது விலா எலும்புகள் ஸ்கேபுலாவின் மேல் ஏறிவிடும். ஒரு விரலை ஸ்கேபுலாவின் மேல் கோணத்திலும் இன்னொரு விரலை அக்ரோமியனும் காறை எலும்பும் சேரும் இடத்திலும் வையுங்கள். இரண்டு விரல்களையும் இணைக்கும் கோடு கேசட்டுக்குச் செங்குத்தாக வரும்வரை நோயாளியைத் திருப்புங்கள். அன்று மாணவியின் விரல்களைப் பிடித்து அந்த இடங்களில் வைத்துக் காட்டினேன். ஒரே முயற்சியில் படம் விழுந்தது. நன்றாக எடுத்த படத்தில் ஸ்கேபுலாவின் உடல் ஒய்யின் தண்டு, கோரக்காய்டு முன் கிளை, அக்ரோமியன் பின் கிளை. ஹியூமரஸின் தலை மூன்றும் கூடும் இடத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். கோரக்காய்டுக்குக் கீழே போயிருந்தால் முன்பக்கம், அக்ரோமியனுக்குக் கீழே போயிருந்தால் பின்பக்கம் நழுவியிருக்கிறது.

மூன்றாவதுதான் தீர்ப்புச் சொல்லும் படம், ஆக்ஸில்லரி. வழக்கமான முறையில் நோயாளியைப் படுக்கவைத்து, கையை 90 டிகிரி விரித்து, கதிரைக் கிடைமட்டமாக அக்குள் வழியே மேல்நோக்கி அனுப்புவோம். இவரிடம் அதைக் கேட்கவே கூடாது. பின்பக்கம் நழுவிய தலை பெரும்பாலும் கிளினாய்டின் பின் விளிம்பில் குத்தி மாட்டிக்கொண்டிருக்கும். நாம் கையைப் பிடித்து இழுத்தால் முறிவு பெரிதாகலாம். ஒய் வியூ ஒன்றே போதாதா என்று கேட்கலாம். தலை விளிம்பில் மாட்டிக்கொண்டு அரைகுறையாக நிற்கும்போது, உடம்பு சில டிகிரி கூடக் குறையத் திரும்பியிருந்தால், ஒய் வியூ சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். அதனால் ஆக்ஸில்லரி வேண்டும், ஆனால் கை விரியக் கூடாது.

இதற்கு வெல்போ வியூ இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறுவை மருத்துவர் வெல்போ பெயரில் உள்ள தோள் கட்டோடே எடுக்கலாம் என்பதால் இந்தப் பெயர். பின்பக்க நழுவலைக் கண்டுபிடிப்பதற்கென்றே புளூம், ஒபாட்டா இருவரும் 1967இல் இதை எழுதினார்கள். தூக்குக் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. நோயாளி மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோ நின்றோ, பின்பக்கமாக 30 டிகிரி சாய வேண்டும். தோளுக்கு நேர் கீழே மேசையில் கேசட். ட்யூப் மேலே, கதிர் செங்குத்தாகத் தோள் மூட்டின் வழியே இறங்கும்.

எழுத எளிது, செய்ய நேரம் பிடித்தது. அவரை மேசை ஓரத்தில் ஸ்டூலில் உட்காரவைத்தோம். "பின்னால சாயுங்கண்ணே" என்றதும் பயந்து இடுப்பை இறுக்கிக்கொண்டார். விழுந்துவிடுவோம் என்ற பயம். முதுகுக்குப் பின்னால் ஃபோம் ஆப்பு ஒன்றை வைத்தேன். இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடி கிடைத்ததும் தானாகவே சாய்ந்தார். முகத்தை இடதுபக்கம் திருப்பச் சொல்லி, தலையும் கழுத்தும் கதிரில் விழாதபடி, கதிரின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கொலிமேட்டரைக் குறுக்கினேன். கேசட்டுக்கும் தோளுக்கும் இடைவெளி இருப்பதால் படம் கொஞ்சம் பெரிதாக விழும், அதனால் பாதகமில்லை. வலது பக்கம் என்று காட்டும் மார்க்கரை மறக்காமல் வையுங்கள். இந்தப் படத்தில் முன் எது பின் எது என்று குழம்புவது சுலபம். கோரக்காய்டு எந்தப் பக்கம் நீள்கிறதோ அது முன்பக்கம். அதை முதலில் தேடிவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

படங்களில் கண்டது

வெல்போ படம் திரையில் வந்ததும் மாணவி மெதுவாக, "தலை பின்னாடி இருக்கு சார்" என்றார். கோரக்காய்டு ஒரு பக்கம், ஹியூமரஸின் தலை அதற்கு எதிர்ப்பக்கம், கிளினாய்டின் பின் விளிம்புக்குப் பின்னால். தலையின் முன்பகுதியில் ஆப்பு வைத்து வெட்டியதுபோல் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் கிளினாய்டின் பின் விளிம்பு போய் உட்கார்ந்திருந்தது. கை ஏன் திரும்பவில்லை என்பதற்கான பதில் அங்கே இருந்தது. பூட்டில் சாவி மாட்டிக்கொண்டதுபோல எலும்பு எலும்பில் மாட்டியிருந்தது. மனது வைத்தாலும் திரும்பாது, மயக்க மருந்து இல்லாமல் யார் திருப்பினாலும் திரும்பாது.

தலையில் விழும் இந்தப் பள்ளத்துக்கு ரிவர்ஸ் ஹில்-சாக்ஸ் என்று பெயர். முன்பக்க நழுவலில் தலையின் பின்புறம் விழும் பள்ளத்தை ஹில், சாக்ஸ் என்ற இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் 1940இல் விவரித்தார்கள். இது அதற்கு மறுபக்கம்.

ஒய் வியூவில் தலை அக்ரோமியனுக்குக் கீழே போயிருந்தது. ட்ரூ ஏபியில், தெளிவாகத் திறந்திருக்க வேண்டிய மூட்டு இடைவெளியைத் தலை மூடியிருந்தது. இதை மாணவர்கள் நன்றாக மனதில் வாங்க வேண்டும். சாதாரண ஏபியில் தலையும் கிளினாய்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது இயல்பு. ட்ரூ ஏபியில் ஏறியிருப்பது இயல்பு அல்ல. சரியாகத் திருப்பியும் இடைவெளி திறக்கவில்லை என்றால், "பொசிஷன் தப்பாயிடுச்சு" என்று திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்காமல், தலை இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

முதல் நாள் படம்

அவர் மனைவி ஒரு மஞ்சள் பையில் பழைய படத்தை மடிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார். வியூ பாக்ஸில் மாட்டினோம். பத்தொன்பது நாளுக்கு முன்பே எல்லாம் அதில் இருந்தது.

தலை உருண்டையாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கழுத்து ஒடுங்கி, மின்சார பல்புபோல் இருந்தது. பெரிய மேடு எங்கேயும் எழும்பி நிற்கவில்லை. இதைத்தான் லைட் பல்பு அடையாளம் என்பார்கள். கை உள்பக்கம் பூட்டிக்கொண்டதால் வரும் தோற்றம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. நல்ல தோளையும் உள்பக்கம் முழுதாகத் திருப்பி எடுத்தால் தலை கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். அதனால்தான் கை எப்படி வைக்கப்பட்டது என்ற தகவல் படத்தோடு போக வேண்டும். நாமே உள்பக்கம் திருப்பி வைத்தோமா, அல்லது வெளிப்பக்கம் திருப்பச் சொல்லியும் திரும்பவில்லையா? படத்தைப் படிக்கிறவருக்கு அது தெரியாது. அந்த அறையில் இருந்த ஒரே ஆளுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, தலையின் உள்விளிம்புக்கும் கிளினாய்டின் முன் விளிம்புக்கும் உள்ள தூரம். வழக்கமாக அங்கே பிறைபோல் ஏறியிருக்க வேண்டியது ஏறவில்லை, தட்டு காலியாக இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தோம், 9 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்று 1965 முதலே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது, தலையின் உள்விளிம்பில் ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு வெள்ளைக் கோடுகள். ஒன்று தலையின் விளிம்பு, மற்றது நசுங்கிய பள்ளத்தின் கரை. மாணவி விரலால் அந்தக் கோடுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று இரவு வேலை பார்த்தவரைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. வலிப்பு வந்த ஆள், தலைக்கு என்ன ஆயிற்று என்ற பதற்றம், சீட்டில் ஏபி என்று மட்டும் எழுத்து. கை திரும்பாததை அவரும் கட்டாயம் பார்த்திருப்பார். ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: "வெளிப்பக்கத் திருப்பம் முடியவில்லை." அந்த ஒரு வரியைப் படித்த எந்த டாக்டரும் இரண்டாவது படம் கேட்டிருப்பார்.

இரண்டாவது படத்துக்குக் கதிர்வீச்சைக் காரணம் சொல்லித் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தோள் எக்ஸ்ரேயின் அளவு சுமார் 0.01 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் உலக சராசரி 2.4 மில்லிசீவர்ட். அதாவது ஒன்றரை நாள் கணக்கு. செங்குத்தான இன்னொரு கோணம் இல்லாமல் அடிபட்ட மூட்டை அனுப்புவதால் வரும் சேதம் அதைவிடப் பல மடங்கு.

அப்புறம்

சிடியில் பள்ளம் தலைப் பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் என்று வந்தது. பள்ளம் 20 சதவீதத்துக்குள் இருந்து, சில நாட்களுக்குள் வந்திருந்தால், மயக்கம் கொடுத்து மூட்டை ஏற்றிவிட்டுக் கட்டுப் போட்டே முடித்திருக்கலாம். பத்தொன்பது நாளில் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போயிருந்தது. திறந்து அறுவை செய்து, மாட்டியிருந்த தலையைக் கிளினாய்டின் விளிம்பிலிருந்து விடுவித்து, சப்ஸ்கேபுலாரிஸ் தசைநாணை அது பிடித்திருந்த சின்ன மேட்டோடு சேர்த்துப் பள்ளத்துக்குள் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். பள்ளத்தைத் தசைநாணால் நிரப்பும் முறையை மெக்லாக்லின் 1952இல் எழுதினார், மேட்டு எலும்போடு சேர்த்து வைப்பதை நீயர் பின்னால் சேர்த்தார். பாதித் தலை போயிருந்தால் செயற்கை மூட்டு வரை போக வேண்டியிருக்கும். நரம்பியல் ஓபியில் வலிப்பு மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துக் கொடுத்தார்கள். அது இல்லாமல் தோளைச் சரி செய்து பயனில்லை.

அறுவைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ட்ரூ ஏபியோடு வெல்போவும் எடுத்தோம், தலை தட்டில் நிற்கிறதா என்று பார்க்க. அந்தப் படங்களை எல்லாம் அந்த மாணவிதான் எடுத்தார். ஆறு வாரம் கையை வெளிப்பக்கம் சற்றுத் திரும்பிய நிலையில் பிரேஸில் வைத்திருந்தார்கள். அதன் பிறகு பயிற்சி.

நான்காவது மாதம் வந்தபோது, அறைக்குள் நுழைந்ததும் யாரும் கேட்காமலே இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஏந்திக் காட்டினார். வலது உள்ளங்கை முக்கால்வாசி மேலே பார்த்தது. மாணவி அவரை பக்கியில் நிறுத்தி, "அண்ணே, வலிக்கிற வரைக்கும் போக வேண்டாம், முடிஞ்ச வரைக்கும் வெளிப்பக்கம் திருப்புங்க" என்றார். படத்தில் பெரிய மேடு வெளி விளிம்பில் எழும்பி நின்றது. சீட்டின் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதி வைத்தார்: "வெளிப்பக்கத் திருப்பம் முக்கால் பங்கு, நோயாளி தானாகத் திருப்பியது."